ஸ்ட்ரிங் முதலில், கிட்டார் அப்புறம்: பாஸ் வாசிப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பாஸ் கிட்டார் கைக்கு வந்து ஒரு வருடம் ஆனதும் பலருக்கும் ஒரு அரிப்பு வரும். சத்தம் திருப்தியாக இல்லை, இதை விற்றுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கிவிடலாமா? இப்படிக் கேட்பவரின் கிட்டாரை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் கடையிலிருந்து வந்த அதே ஸ்ட்ரிங்தான் மாட்டியிருக்கும். விரல் படும் இடமெல்லாம் கறுத்திருக்கும். ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) அழுந்தி அழுந்தி ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கம் சின்னச் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவேயுள்ள இடைவெளி) எட்டாத உயரத்தில் நிற்கும். இந்த நிலையில் இருக்கும் கிட்டாரை நல்லது என்றோ மோசம் என்றோ சொல்ல வழியே இல்லை.

அதனால் இந்த வழிகாட்டி போகும் வரிசை இது: முதலில் ஸ்ட்ரிங், அதோடு சேர்ந்து செட்டப் (கழுத்தின் வளைவு, ஸ்ட்ரிங் உயரம் போன்றவற்றைச் சரிசெய்வது), அதற்கும் பிறகு தேவைப்பட்டால் வேறு கிட்டார். ஸ்ட்ரிங்கும் செட்டப்பும் எதையெல்லாம் மாற்றும் என்று தெரிந்துவிட்டால், கடையில் ஒரு கிட்டாரைக் கையில் எடுக்கும்போது அவற்றால் மாற்ற முடியாததை மட்டும் பார்த்தால் போதும். விலை குறைந்த பாஸ் வாங்குவதில் ஏமாறாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

தொடங்கும் முன் ஒரு பதிவு

எதையும் கழற்றுவதற்கு முன், இப்போது இருக்கும் சத்தத்தைப் பதிவு செய்து வையுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் கேபிளை நேராக அதில் செருகுங்கள். இல்லையென்றால் ஆம்ப்புக்கு முன்னால் போனை எப்போதும் ஒரே இடத்தில் வைத்துப் பதியலாம். வால்யூம், டோன் இரண்டும் முழுதாகத் திறந்திருக்கட்டும். ஆம்ப்பில் எல்லாக் குமிழும் நடுவில். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். போனில் பதிபவர்களுக்கு அதன் காற்றுச் சத்தம் தொல்லை, கேபிளில் பதிபவர்களுக்கு அதன் ரெகுலேட்டர் தொல்லை. சிங்கிள் காயில் பிக்கப் (ஒற்றைச் சுருள் கொண்ட ஒலி வாங்கி) உள்ள பாஸில் அந்த ரெகுலேட்டர் இரைச்சல் அப்படியே ஏறிவிடும்.

என்ன வாசிப்பது? நான்கு ஸ்ட்ரிங்கையும் (தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி) திறந்து, அதாவது எங்கும் அழுத்தாமல், ஒவ்வொன்றாக, சத்தம் தானாக அடங்கும் வரை விடுங்கள். பிறகு ஜி ஸ்ட்ரிங்கில் முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசி வரை நிதானமாக ஏறுங்கள். கடைசியாக நன்கு பழகிய ஒரு வரி. இளையராஜாவின் பழைய பாடல்களில் வரும் பாஸ் வரிகள் இதற்கு ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் அவை ஒரே ஸ்ட்ரிங்கில் உட்கார்ந்திருக்காமல் நான்கிலும் ஓடும். எந்த ஸ்ட்ரிங் பலவீனம் என்பதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். இனி எதை மாற்றினாலும் இதே வரியை இதே வேகத்தில் பதிய வேண்டும்.

எந்த ஸ்ட்ரிங்: சுற்றுதான் முதல் கேள்வி

பாஸ் ஸ்ட்ரிங் என்பது நடுவில் ஒரு எஃகுக் கம்பி, அதன்மேல் சுற்றப்பட்ட இன்னொரு கம்பி. மேலே சுற்றியது உருண்டையா (ரவுண்ட்வௌண்ட்), தட்டையா (ஃப்ளாட்வௌண்ட்) என்பதில்தான் பாதி விஷயம் அடங்கிவிடுகிறது.

கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பாஸை வெளியிட்ட காலத்தில் ஃப்ளாட்வௌண்ட்தான் வழக்கம். தட்டை நாடாவாக வழுவழுவென்று இருக்கும், விரல் இழுபடும் சத்தமே வராது. ஒலி கட்டையாக, உருண்டு வரும். அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனப் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது இதைத்தான்: 1962 பிரிசிஷன் பாஸில் லா பெல்லாவின் தடித்த ஃப்ளாட்வௌண்ட், பிரிட்ஜ் (உடல் பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பகுதி) மூடிக்குக் கீழே ஒரு ஃபோம் துண்டு. ஸ்ட்ரிங் அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள். 1960களின் நடுவில் 'தி ஹூ' ராக் குழுவின் ஜான் என்ட்விசிலுக்கு இதற்கு நேர்மாறான ஒன்று தேவைப்பட்டது. பியானோவின் கீழ்ச்சுரங்களைப் போல உலோகமாக அதிரும் ஒலி வேண்டும் என்று இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து முயன்றதில் ஸ்விங் பாஸ் 66 என்ற ரவுண்ட்வௌண்ட் செட் வந்தது. ராக் இசையின் பாஸ் ஒலி அங்கிருந்துதான் திசை திரும்பியது. இன்று கடையில் வரும் ஏறக்குறைய எல்லா பாஸிலும் ரவுண்ட்வௌண்ட்தான் இருக்கிறது. அதனால்தான் ஃப்ளாட்வௌண்ட் மாட்டினால் பலருக்கும் வேறு கிட்டாரையே வாங்கிவிட்ட மாதிரி இருக்கிறது.

ரவுண்ட்வௌண்டுக்குள் உலோகம் மாறும். நிக்கல் பூசிய எஃகு நடுநிலையானது, எந்தப் பாட்டுக்கும் ஒத்துப்போகும். டாடாரியோ இஎக்ஸ்எல் வரிசை, எர்னி பால் ஸ்லிங்கி எல்லாம் இந்த ரகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூர்மையாகப் பேசும், ஸ்லாப் (கட்டைவிரலால் தட்டி) வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் விரலுக்குச் சொரசொரப்பு, ஃப்ரெட்டையும் சீக்கிரம் தேய்க்கும். விலை குறைந்த கிட்டாரில் ஃப்ரெட் உலோகம் மென்மையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அதில் ஸ்டீலை மாட்ட நான் தயங்குவேன். முழு நிக்கல் கொஞ்சம் மங்கலாக, பழைய வாசனையோடு ஒலிக்கும்.

ஃப்ளாட்வௌண்டுக்குள்ளும் ஒரே குணம் இல்லை. டாடாரியோ குரோம்ஸ் புதிதில் ஓரளவு பளிச்சென்றே இருக்கும். தோமஸ்டிக் இன்ஃபெல்டின் ஜாஸ் ஃப்ளாட் செட் மிகவும் தளர்வு, விரலுக்கு ரப்பர் போல வளையும். லா பெல்லாவின் 52-110 செட்டோ (எண்கள் ஸ்ட்ரிங்கின் தடிமன், விளக்கம் கீழே) இரும்புக் கம்பி வேலிதான், பழகாத கைக்கு அரை மணி நேரத்தில் வலிக்கும். ரவுண்ட்வௌண்டுக்கும் ஃப்ளாட்வௌண்டுக்கும் நடுவே ஒரு சமரசமாக ஹாஃப்ரவுண்ட் என்று ஒன்று உண்டு, உருண்டைச் சுற்றை மேலோடு சீவித் தட்டையாக்கியது. கேட்க நல்ல யோசனையாகத் தெரியும். எனக்கென்னவோ இரண்டு பக்கமும் சேராத ஒன்றாகவே படுகிறது.

டேப்வௌண்ட் தனி ரகம். உலோகச் சுற்றின் மேல் நைலான் நாடா, பெரும்பாலும் கறுப்பு. டபுள் பாஸ் வாசனை வேண்டுபவர்களும் ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட் இல்லாத பாஸ்) வாசிப்பவர்களும் இதைத் தேடிப் போவார்கள். பார்க்கத் தடியாக இருந்தாலும் விசை குறைவுதான். ரோட்டோசவுண்ட் டிரு பாஸ் 88 செட்டில் ஈ ஸ்ட்ரிங் 115, ஜி ஸ்ட்ரிங்கே 65. சாதாரண செட்டில் ஜி வெறும் 45. நட்டில் (தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் குறுக்குத் துண்டில்) உள்ள பள்ளத்தில் இது உட்காராது, பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்திய பள்ளத்தை மறுபடி குறுக்க முடியாது. எனவே முதல் பரிசோதனைக்கு இது வேண்டாம்.

முதன்முதலாக முயல்பவருக்கு என் யோசனை: முதலில் அதே கேஜில் (தடிமனில்) புதிய நிக்கல் ரவுண்ட்வௌண்ட் ஒரு செட். அது பழகிய பிறகு ஒரு ஃப்ளாட்வௌண்ட் செட். இந்த இரண்டையும் கேட்டுவிட்டால் மற்ற எல்லாமே இவற்றுக்கு நடுவிலோ கொஞ்சம் வெளியிலோ எங்கே நிற்கும் என்று ஊகித்துவிடலாம். ஃப்ளாட்வௌண்ட் விலை ரவுண்ட்வௌண்டைப்போல் சுமார் இரண்டு மடங்கு. ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும், பழகப் பழக நன்றாகவும் ஆகும். யாராவது கழற்றி வைத்த பழைய ஃப்ளாட்வௌண்ட் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், அளவுக்கு மீறிக் குட்டையாக வெட்டாமல் இருந்தால் சரி.

காசே செலவில்லாத ஒரு பரிசோதனையும் உண்டு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சிலிருந்து விரல் கனத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜை ஒட்டி நான்கு ஸ்ட்ரிங்குக்கும் அடியில் செருகிப் பாருங்கள். பழைய ரவுண்ட்வௌண்டிலேயே 1960களின் டப் டப் ஒலி வந்துவிடும். அது பிடித்திருந்தால் ஃப்ளாட்வௌண்டும் பிடிக்க வாய்ப்பு அதிகம். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பணம் மிச்சம்.

கேஜும் விசையும்

பாக்கெட்டின் மேல் 45-105 என்றிருந்தால், ஜி ஸ்ட்ரிங் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 45 பங்கு தடிமன், ஈ ஸ்ட்ரிங் 105 பங்கு. நான்கு ஸ்ட்ரிங் பாஸுக்கு இதுதான் நடுத்தரம். 40-95 மெலிந்தது, 50-110 தடித்தது. ஐந்து ஸ்ட்ரிங் பாஸில் கீழ் பி பெரும்பாலும் 125 முதல் 135 வரை.

45-105 செட்டைச் சரியான சுருதியில் கட்டினால் நான்கும் சேர்ந்து நெக்கை (கிட்டாரின் கழுத்தை) இழுக்கும் விசை ஏறக்குறைய 80 கிலோ. கேஜ் மாறினால் இந்த இழுவை மாறும், நெக் வளைவு மாறும். மெலிந்த செட்டுக்குப் போனால் நெக் பின்னுக்குச் சாய்ந்து ஃப்ரெட்டில் இரைச்சல் வரும். தடித்த செட்டுக்குப் போனால் முன்னுக்கு வளைந்து ஆக்‌ஷன் உயரும். "இந்த ஸ்ட்ரிங் மாட்டினதுல இருந்து கரகரங்குது, மட்டமான ஸ்ட்ரிங்" என்று திட்டுபவர்களில் பலர் உண்மையில் கேட்பது நெக்கின் சத்தத்தை.

ஒரு வேடிக்கையான மலிவு யோசனை: ஐந்து ஸ்ட்ரிங் பாஸ் வாங்க ஆசை, பணம் இல்லை. ஐந்து ஸ்ட்ரிங் செட்டை வாங்கி, மெல்லிய ஜி-யை எடுத்து வைத்துவிட்டு, பி, ஈ, ஏ, டி என்று நான்கு ஸ்ட்ரிங் கிட்டாரிலேயே கட்டலாம். கீழ் பி உண்மையில் நமக்குத் தேவையா என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். நட்டின் பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும். தனியாக ஒரு நட் வாங்கி அதில் வெட்டிக்கொண்டால் பழையது பத்திரமாக இருக்கும்.

வாங்கும்போது

நீளம் முதலில். சாதாரண பாஸில் நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே 34 அங்குலம், அதற்கு லாங் ஸ்கேல் செட். 30 அங்குலக் குட்டை பாஸுக்கு ஷார்ட் ஸ்கேல் செட்தான் வாங்க வேண்டும். நீளமான ஃப்ளாட்வௌண்டைக் குட்டை பாஸில் மாட்டினால் தடித்த பகுதியே டியூனர் (தலையிலுள்ள சுருதித் திருகாணி) கம்பத்தில் சுற்ற வேண்டிவரும், அங்கே நடுக்கம்பி முறியும். உடலின் பின்புறத்திலிருந்து ஸ்ட்ரிங் ஏறும் கிட்டாராக இருந்தால் கூடுதல் நீளம் வேண்டும். ஸ்ட்ரிங்கின் பித்தளைக் குண்டு முனையிலிருந்து நட் வரை ஒரு நூல் வைத்து அளந்துகொள்ளுங்கள். நுனியில் உள்ள பட்டு நூல் சுற்று நட்டைத் தாண்டித்தான் தொடங்க வேண்டும்.

போலி ஸ்ட்ரிங் பெரிய சந்தை. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். டாடாரியோ பாக்கெட்டுக்குள் இருக்கும் குறியீட்டை அவர்களது தளத்தில் பதிந்து சரிபார்க்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு 1842-இல் தொடங்கி இன்று அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகள் உண்டு. நேரில் போனால் ஸ்ட்ரிங் கையோடு வரும், அங்கிருக்கும் கிட்டார்களையும் தொட்டுப் பார்க்கலாம்.

கடலோர ஊர்களில் வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து ஸ்ட்ரிங்கைச் சீக்கிரம் கொன்றுவிடும். கை அதிகம் வியர்ப்பவர் என்றால் எலிக்ஸிர் போன்ற பூச்சுள்ள ஸ்ட்ரிங்குக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்களுக்கு வாசித்து முடித்ததும் ஒரு பழைய பருத்தித் துணியால் மேலும் கீழும் துடைப்பதே போதும். மங்கிப்போன ரவுண்ட்வௌண்டைக் கழற்றி, ஒரு நாள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துத் துடைத்தால் சுற்றுகளுக்கு நடுவே சிக்கிய அழுக்கு இறங்கி மறுபடி பிரகாசமாகும். சீக்கிரம் தீப்பிடிக்கும் திரவம் அது, அடுப்படிப் பக்கம் வைக்காதீர்கள்.

மாட்டும் முறை

ஒவ்வொன்றாக மாற்றினால் நெக்கின் இழுவை அதிகம் குலையாது. ஃப்ரெட்போர்டைத் துடைக்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் கழற்றினாலும் ஒன்றும் ஆகிவிடாது.

ஃபெண்டர் பாணி டியூனர் கம்பத்தின் நடுவில் ஒரு துளை இருக்கும். ஸ்ட்ரிங்கை இழுத்துப் பிடித்து, தன் கம்பத்தைத் தாண்டி சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் விட்டு அளவு பாருங்கள். வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்பே இடுக்கியால் நேர்க்கோணமாக மடித்துவிட்டு, அதற்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் சில ஸ்ட்ரிங்குகளில் மேல்சுற்று நழுவி, மாட்டிய பிறகு அந்த ஸ்ட்ரிங் செத்த மாதிரி ஒலிக்கும். நுனியைத் துளைக்குள் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று.

இந்தக் கீழ்நோக்கிய சுற்றில் ஏ ஸ்ட்ரிங்கைத் தனியாகக் கவனியுங்கள். ஃபெண்டர் பாணித் தலையில் டி, ஜி இரண்டையும் அழுத்திப் பிடிக்க ஒரு சிறிய வளையம் இருக்கும். ஏ-க்குப் பெரும்பாலும் கிடையாது. சுற்று கம்பத்தின் மேலேயே நின்றுவிட்டால் ஸ்ட்ரிங் நட்டில் அழுத்தமாக உட்காராமல், திறந்த ஏ மட்டும் சிதார் போல இரையும். கம்பத்தின் அடிவரை சுற்றை இறக்குங்கள், இரைச்சல் போய்விடும்.

சுருதி கட்டியதும், பிரிட்ஜ் சேடிலுக்கு (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சிறு துண்டுக்கு) முன்னாலும் நட்டுக்கு அருகிலும் ஸ்ட்ரிங்கைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். புதிய ஸ்ட்ரிங் அந்த இடங்களில் வில்லாக வளைந்து நிற்கும், அழுத்தினால் படிந்து நேராகும். சுருதி தாழ்ந்திருக்கும், மறுபடி ஏற்றுங்கள். சில தடவை இப்படிச் செய்தபின் நிலைக்கும்.

செட்டப்: நான்கு அளவுகள், இந்த வரிசையில்

ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொன்றும் அடுத்ததைப் பாதிக்கும்.

முதலில் நெக் வளைவு. முதல் ஃப்ரெட்டில் ஈ ஸ்ட்ரிங்கை இடது கையால் அழுத்தி, நெக் உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃப்ரெட்டை வலது கையால் அழுத்துங்கள். இப்போது ஸ்ட்ரிங் ஒரு நேர்க்கோடு. எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் ஸ்ட்ரிங்கின் அடிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசியபடி நுழைய வேண்டும், சுமார் 0.3 மில்லிமீட்டர். இடைவெளி அதிகமென்றால் டிரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியை) வலப்பக்கம் திருகி இறுக்குங்கள், குறைவென்றால் இடப்பக்கம் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும், பிறகு சுருதி கட்டி மறுபடி அளவு. சாவி சரியாகப் பொருந்தாவிட்டால் திருகவே வேண்டாம், அறுகோணக் குழி மழுங்கிவிட்டால் பழுது பார்க்கும் செலவு கிட்டார் விலையை எட்டிவிடும். பலம் கொடுத்தும் திரும்பவில்லை என்றாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, கைதேர்ந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

அடுத்து ஆக்‌ஷன். 17ஆவது ஃப்ரெட்டில், எதையும் அழுத்தாமல், ஃப்ரெட் தலையிலிருந்து ஸ்ட்ரிங் அடிவரை 2 முதல் 2.5 மில்லிமீட்டர். இரும்பு ஸ்கேலை அங்கே நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். சேடிலின் சிறு திருகுகள் இரண்டையும் சமமாகத் திருப்புங்கள், சேடில் சாய்ந்து நிற்கக் கூடாது. அழுத்தி வாசிப்பவர்கள் கொஞ்சம் உயரமாகவே வைத்துக்கொள்ளலாம்.

பிறகு இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது. 12ஆவது ஃப்ரெட்டின் நேர்மேலே தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் சுரமும் சுருதி காட்டும் டியூனர் கருவியில் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலை நட்டை விட்டு விலக்குங்கள், தாழ்ந்திருந்தால் நெருக்குங்கள். பழைய ஸ்ட்ரிங்கில் இதைச் செய்வது வீண் வேலை. தேய்ந்த ஸ்ட்ரிங் எங்குமே சரியாக நிற்காது.

கடைசியாகப் பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திய நிலையில் ஈ பக்கம் சுமார் 2.8, ஜி பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர் என்று தொடங்கி, நான்கும் ஒரே பலத்தில் கேட்கும் வரை காதால் சரிசெய்யுங்கள்.

ஒப்பிடுவது

புதிய ரவுண்ட்வௌண்ட் முதல் சில மணி நேரம் கண்ணாடி போல ஜிலுஜிலுக்கும், அந்த ஒலி தங்காது. ஒரு வாரம் வாசித்த பிறகு பதியுங்கள். ஃப்ளாட்வௌண்டுக்கு ஒரு மாதம்கூடக் கொடுக்கலாம்.

இரண்டு பதிவுகளையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். சத்தம் கொஞ்சம் கூடியதெல்லாம் காதுக்கு நல்லதாகத்தான் படும். எது எது என்று தெரியாமல் நண்பர் ஒருவரைப் போடச் சொன்னால் இன்னும் நல்லது. அப்புறம் இரண்டையும் டிரம்ஸோடும் மற்ற கருவிகளோடும் சேர்த்துக் கேளுங்கள். தனியாகக் கேட்கும்போது பளபளத்த ஸ்ட்ரிங் பாட்டுக்குள் கிட்டாரோடும் சிம்பலோடும் முட்டிக்கொள்ளும். தனியாக மந்தமாகத் தெரிந்தது பாட்டுக்குள் கச்சிதமாக உட்காரும். பாஸ் ஒலியைப் படுக்கையறையில் தனியாகத் தீர்மானிப்பவர்கள் ஸ்ட்ரிங் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்ட்ரிங், ஆம்ப், பெடல் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது என்ன செய்தது என்று கடைசிவரை தெரியாது.

சரி, கிட்டாரே வேறு வேண்டும் என்றால்

இவ்வளவும் செய்தபின்னும் மனம் ஒப்பவில்லை என்றால், காரணம் ஸ்ட்ரிங்குக்கு அப்பால் இருக்கிறது. இப்போது கடைக்குப் போகலாம்.

மலிவு கிட்டார் என்று தயங்க வேண்டாம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் ஹாஃப்னர் வயலின் பாஸை வாங்கியதே அது சுமார் 30 பவுண்டுக்குக் கிடைத்ததால்தான். ஃபெண்டர் வாங்க அன்று அவரிடம் காசில்லை. இரு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் இடது கையால் வாசித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பது இன்னொரு காரணம். 30 அங்குலக் குட்டை ஸ்கேல், ஃப்ளாட்வௌண்ட் ஸ்ட்ரிங்.

ஸ்குவையர் என்ற பெயரின் கதையும் இங்கே பொருத்தம். அது 1890-இல் மிச்சிகனில் தொடங்கிய ஸ்ட்ரிங் கம்பெனி. 1965-இல் ஃபெண்டர் அதை வாங்கியது, 1982-இல் அந்தப் பெயரைத் தன் விலை குறைந்த கிட்டார்களுக்கு வைத்தது. இன்றைக்கு அந்தப் பெயரில் சோனிக், அஃபினிட்டி, கிளாசிக் வைப் என்று படிப்படியாக ஏறும் வரிசைகள் இருக்கின்றன. யமஹா டிஆர்பிஎக்ஸ்174, ஐபனேஸ் ஜிஎஸ்ஆர்200 இரண்டிலும் பிரிசிஷன் வகைப் பிக்கப் ஒன்றும் ஃபெண்டரின் இன்னொரு பாஸான ஜாஸ் பாஸ் வகை ஒன்றும் சேர்ந்தே இருக்கும். தன் ஒலி எது என்று இன்னும் தீர்மானிக்காதவருக்கு இது வசதி. இந்தோனேசியாவின் சுரபாயாவில் 'கோர்ட்' (Cort) என்ற கிட்டார் நிறுவனத்துக்கு இருக்கும் தொழிற்சாலை வேறு பெயர்களுக்கும் கிட்டார் செய்து கொடுக்கிறது. எனவே தலையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அந்த ஒரு கிட்டார் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். ஒரே மாடலில் கடையில் மூன்று இருந்தால் மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கை சின்னது, தோள் வலி, அல்லது வாசிப்பவர் பள்ளிக் குழந்தை என்றால் 30 அங்குல ஸ்குவையர் பிராங்கோ, 28.6 அங்குல ஐபனேஸ் மைக்ரோவோ பாருங்கள். குட்டை பாஸ் குழந்தைகளுக்கு மட்டும் என்று சொல்பவரை மெக்கார்ட்னியிடம் அனுப்பிவிடலாம்.

கையில் எடுத்ததும் ஆம்ப்பில் செருகாதீர்கள். முதலில் நெக். தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் உடலை நோக்கிப் பாருங்கள்: வளைவு சரிசெய்யக்கூடியது, முறுக்கு அப்படியல்ல. முறுக்கு தெரிந்தால் அந்தக் கிட்டாரை அங்கேயே வைத்துவிடுங்கள். கடைசி ஃப்ரெட் அருகே ஈ ஸ்ட்ரிங்குக்கும் ஜி ஸ்ட்ரிங்குக்கும் பலகை ஓரம்வரை உள்ள இடைவெளி ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். கட்டைவிரலை நெக்கின் ஓரமாக மேலிருந்து கீழே ஓட்டுங்கள். ஃப்ரெட் முனை குத்தினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, அரத்தால் சீவிவிடலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள்.

அடுத்து, ஆம்ப் இல்லாமலே ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசியுங்கள். ஒரே ஒரு ஃப்ரெட் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. பெரும்பாலான ஃப்ரெட்கள் இரைந்தால் செட்டப் பிரச்சினைதான், பயப்பட வேண்டாம். ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை சுரம் சட்டென்று அடங்குகிறதா என்று தனியாகக் கேளுங்கள். ஃபெண்டர் பாணி நெக்குகளில் அங்கே ஒரு செத்த இடம் இருப்பது வழக்கம், விலை உயர்ந்தவற்றிலும் உண்டு. லேசாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சுரம் எழும்பியதுமே மடிந்தால் வேண்டாம், எந்த ஸ்ட்ரிங்கும் அதைக் காப்பாற்றாது.

நெக்கின் அகலமும் கைக்குக் கை மாறும். பிரிசிஷன் வகையில் நட் அருகே 41 அல்லது 42 மில்லிமீட்டர், ஜாஸ் வகையில் 38. பெல்ட்டை மாட்டி நின்று, இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். தலை தரையை நோக்கி இறங்கினால், இரண்டு மணி நேரக் கச்சேரியில் இடது கை அதைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நாலரைக் கிலோவுக்கு மேல் எடை போனாலும் யோசியுங்கள். உடல் எந்த மரம் என்று விற்பவர் பெருமையாகச் சொல்வதை இந்த விலையில் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மின்சார விஷயங்கள் கடைசியில்தான், ஏனென்றால் அவை எல்லாமே மலிவாகச் சரிசெய்யக்கூடியவை. குமிழைத் திருகும்போது கரகரப்பு வந்தால் கான்டாக்ட் கிளீனர் போதும், போகாவிட்டால் குமிழுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரை மாற்றலாம். கேபிளை ஆட்டும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் அது செருகும் ஜாக் தளர்ந்திருக்கிறது. ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது பாஸ் பிக்கப்களின் இயல்பு. ரொம்ப அதிகமென்றால் முதலில் பிளக் பாயின்டில் எர்த் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். பேட்டரி போடும் பாஸ் என்றால், கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும், வாசித்து முடித்ததும் பிடுங்கிவிட வேண்டும்.

பழைய கிட்டார் வாங்குபவர்கள் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். முதல் சில ஃப்ரெட்களில் ஸ்ட்ரிங் அழுந்தி விழுந்த பள்ளம் எவ்வளவு ஆழம், டிரஸ் ராடு இன்னும் திரும்புகிறதா. ராடு ஏற்கெனவே முழுதாக இறுக்கப்பட்டிருந்தால் அந்த நெக்குக்கு இனி வழியில்லை. விற்பவர் முன்னிலையில் கால் சுற்று திருகிப் பார்க்க விடவில்லை என்றால், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய கிட்டாரில் பிடித்துப்போன அதே ஸ்ட்ரிங்கைப் புதிதாக ஒரு செட் இதில் மாட்டி, மேலே சொன்ன நான்கு அளவுகளையும் வைத்து, அதே வரியைப் பதியுங்கள். இப்போது இரண்டு பதிவுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்கக் கிட்டாரின் வித்தியாசம். பழையதை விற்பதாக இருந்தால் இந்தப் பதிவைக் கேட்டபிறகு விலை பேசுங்கள். விற்கும் கிட்டாரில் நல்ல ஸ்ட்ரிங்கை விட்டுவிடாதீர்கள். கழற்றி, சுருட்டி, கேஜையும் மாட்டிய மாதத்தையும் பாக்கெட்டின் மேல் எழுதி வைத்தால் கச்சேரி நாளில் உதிரியாக உதவும்.